குரங்கு குங்ஃபூ: நடிப்பு எவ்வளவு, அடி எவ்வளவு?

கேள்வி இது: குரங்கு பாணி குங்ஃபூ என்று நிஜமாகவே ஒரு சண்டைக்கலை இருக்கிறதா, இல்லை ஹாங்காங் சினிமாக்காரர்கள் கிளப்பிவிட்டதா? இருந்தால் அதைச் சொல்லித்தரும் ஆசான்கள் யார், அது அடிதடிக்கு உதவுமா?

இருக்கிறது. சினிமா பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே இருக்கிறது. ஆனால் அந்த ஒரே பெயருக்குள் மூன்று வேறு சங்கதிகள் அடங்கியிருக்கின்றன. நாடக மேடையில் ஆடும் குரங்கு ஒன்று. போட்டிக் களத்தில் மதிப்பெண்ணுக்காகச் செய்து காட்டும் குரங்கு இன்னொன்று. ஆளை அடிப்பதற்காகப் பழகும் குரங்கு மூன்றாவது. மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவர் "வெறும் கூத்து" என்கிறார், இன்னொருவர் "இதைவிட ஆபத்தான கலை இல்லை" என்கிறார். நான் எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தலையைச் சொறிவதும் கண்ணைச் சிமிட்டுவதும் இந்தக் கலையில் ஒட்டிக்கொண்டு வந்தவை. எதிராளி போடும் கணக்கைத் தப்பாக்குவதுதான் இதன் சாரம். அதைச் சொல்லித் தராதவரை எத்தனை பட்டம் இருந்தாலும் குரங்கு பாணி ஆசான் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் பழமையைப் பார்த்துவிடலாம். சீனாவின் ஹுனான் மாகாணத்தில் சாங்ஷா நகரத்துக்குப் பக்கத்தில் மாவாங்துவே என்ற இடம் இருக்கிறது. அங்கே கி.மு. 168ல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1970களில் தோண்டினார்கள். பட்டுத் துணியில் வரைந்த உடற்பயிற்சிப் படம் ஒன்று உள்ளே கிடைத்தது. மொத்தம் 44 மனித உருவங்கள். சில உருவங்களின் பக்கத்தில் விலங்கின் பெயர்கள் எழுதியிருக்கின்றன, அவற்றில் குரங்கும் உண்டு. ஹான் வம்ச வரலாற்று நூலில் இதைவிட சுவையான ஒரு சம்பவம் வருகிறது. அரண்மனைச் சம்பந்தியான ஒரு பெரிய மனிதர் வீட்டுப் புதுமனைப் புகுவிழா. குடி நன்றாக ஏறிய நேரத்தில் டான் சாங்சிங் என்ற உயர் அதிகாரி எழுந்து, குரங்கு ஒன்று நாயோடு சண்டை போடுவதுபோல் ஆடிக் காட்டுகிறார். சபையே விழுந்து விழுந்து சிரிக்கிறது. அங்கே இருந்த கண்டிப்பான இன்னோர் அதிகாரி மட்டும் எழுந்து போய், "அமைச்சர் நிலையில் இருப்பவர் குரங்காட்டம் ஆடுவதா?" என்று பேரரசரிடம் புகார் கொடுத்துவிட்டார். விருந்து கொடுத்தவர் மன்னிப்புக் கேட்டுத்தான் விவகாரம் அடங்கியது. ஆக, கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே சீனாவில் குரங்கைப் போல் சண்டை போட்டுக் காட்டும் ஆட்டம் ஒன்று புழக்கத்தில் இருந்திருக்கிறது. கி.பி. 208ல் இறந்த மருத்துவர் ஹுவா துவோ வகுத்ததாகச் சொல்லப்படும் ஐந்து விலங்குப் பயிற்சியிலும் புலி, மான், கரடி, பறவையோடு குரங்குக்கும் இடம் உண்டு.

இவை ஆட்டமும் உடற்பயிற்சியும்தான், சண்டைக்கலை ஆகாது. சண்டைக்கலை என்பதற்கு எனக்குத் தெரிந்து உறுதியான பழைய சாட்சி 16ஆம் நூற்றாண்டுத் தளபதி சீ ஜிகுவாங். சீனாவின் கிழக்குக் கடற்கரையைச் சூறையாடிய கடற்கொள்ளையரை அடித்து விரட்டியவர். தன் படைக்காக 1560 வாக்கில் ஒரு கையேடு எழுதினார். அதில் வெறுங்கைச் சண்டை பற்றிய பகுதியில் அன்றைக்குப் பேர்போன பாணிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார், அந்த வரிசையில் குரங்குக் குத்துப் பாணியும் இருக்கிறது. கடுமையான ராணுவக்காரர் அவர். பார்க்க அழகாக இருந்து போரில் பயன்படாத வித்தைகளை அவருக்குப் பிடிக்காது. அப்படிப்பட்டவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார் என்றால், வேடிக்கை காட்டுகிறவர்களுக்கு அப்பாலும் இது பழகப்பட்டது என்று நாம் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

சுன் வூகோங் என்ற குரங்கரசனின் கதையிலிருந்துதான் இந்தக் கலையே பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். பௌத்த சுவடிகளைத் தேடி இந்தியாவுக்கு வரும் துறவிக்குத் துணையாக வருகிறாரே, அவர்தான். அந்த நாவலின் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய அச்சுப் பதிப்பு 1592ஐச் சேர்ந்தது. தளபதியின் கையேடு அதற்கு முப்பது ஆண்டுகள் மூத்தது. குரங்குத் துணைவனின் கதைகள் நாவலுக்கு முன்பே வாய்மொழியிலும் நாடகத்திலும் உலவின என்பது உண்மைதான். ஆனாலும் நாவலைப் படித்துவிட்டு யாரோ உட்கார்ந்து இந்தப் பாணியை உருவாக்கினார்கள் என்பது ஆண்டுக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. நாவல் கலைக்குத் தந்தது பெயரையும் பெருமையையும். இன்று பிரபலமாக இருக்கும் மரபுக்கே அந்தக் குரங்கரசனின் பட்டப்பெயரான 'மாமுனிவர்' என்பதைத்தான் வைத்திருக்கிறார்கள். கான்டனீஸ் மொழியில் தாய் ஷிங்.

இங்கே தமிழர்கள் கட்டாயம் கேட்கும் ஒரு துணைக்கேள்வி உண்டு. சுன் வூகோங் நம் அனுமாரா? 1923ல் ஹு ஷி என்ற அறிஞர் ஆம் என்ற பக்கம் சாய்ந்தார். எழுத்தாளர் லூ சுன் இல்லை, அது சீனத்தின் சொந்த நீர்க்குரங்குக் கதையிலிருந்து வந்தது என்று மறுத்தார். சண்டை இன்னும் முடியவில்லை. எனக்கு இதில் பிடித்த இடம் சுவான்சோ துறைமுகம். அங்கேயுள்ள கைய்யுவான் கோயிலின் மேற்குக் கோபுரம் 1237ல் கட்டி முடிக்கப்பட்டது. அதில் குரங்குத் தலையோடு வாள் ஏந்திய வீரனின் கல் சிற்பம் இருக்கிறது. அதே ஊரில் 1281ஐச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. அங்கே தங்கி வணிகம் செய்த நம்மவர்கள் சிவன் கோயிலே எழுப்பியிருக்கிறார்கள். இதை வைத்து அனுமார்தான் போனார் என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டு குரங்கு வீரர்களின் கதையும் ஒரே கடைத்தெருவில் பேசப்பட்டிருக்கக் கூடிய ஊர் அது என்பது மட்டும் நிச்சயம். குங்ஃபூவே தமிழ்நாட்டிலிருந்து போனது என்று நீட்டி முழக்குகிறவர்கள் இந்த அளவோடு நிறுத்திக்கொண்டால் நல்லது.

சரி, இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் குரங்கு பாணிக்கு வருவோம். இதைத் தொடங்கியவர் கௌ ஸே. சிங் வம்சத்தின் கடைசிக் காலத்தில் வட சீனத்தில் வாழ்ந்தவர். மரபுக் கதை என்னவென்றால், அவர் ஒரு கொலைக் குற்றத்தில் சிறைக்குப் போனார். சிறைக்கு வெளியே குரங்குக் கூட்டம் ஒன்று இருந்தது. கம்பிக்குள்ளிருந்து வருஷக்கணக்காக அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எது எப்படிச் சண்டை போடுகிறது, எது எப்படித் தப்பிக்கிறது, எது எதை ஏமாற்றுகிறது என்று பார்த்து, தான் முன்பே கற்றிருந்த வித்தையோடு அதைச் சேர்த்தார். சிலர் அந்தக் குரங்குகளைச் சிறைக் காவலுக்கே வைத்திருந்தார்கள் என்றுகூடச் சொல்வார்கள். காவல் குரங்கு என்பதை நான் நம்பவில்லை. ஆனால் வட சீனத்தில் ஏது குரங்கு என்று கதையையே தள்ளிவிடுவதும் சரியில்லை. ரீசஸ் குரங்குகள் இன்றைக்கும் தைஹாங் மலைகளில் இருக்கின்றன. பெய்ஜிங்குக்கு வடகிழக்கே சிங்லோங் மலைகளில் இருந்த கூட்டம் 20ஆம் நூற்றாண்டில்தான் அற்றுப்போனது. எனவே சங்கதி நடந்திருக்கக் கூடியதுதான்.

கௌ ஸே குரங்குகளை ஐந்து சுபாவங்களாகப் பிரித்தார். இந்தப் பிரிப்பைத்தான் இந்தக் கலையின் மூளை என்று நினைக்கிறேன், ஏனென்றால் எல்லா மாணவரையும் ஒரே அச்சில் வார்க்கும் பழக்கத்தை இது உடைக்கிறது. நெட்டைக் குரங்கு நிமிர்ந்து நிற்கும், தரையில் உருளாது, நீண்ட கையை வீசி அடிக்கும். உயரமானவர்களுக்கு இயல்பாக வருவது அது. மரக் குரங்கு கோபக்காரக் குரங்கு. ஓடி வந்து பற்றும், விடாது, இழுத்துக் கீழே சாய்க்கும். குரங்குப்பிடி என்று நாம் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும்.

கல் குரங்கு உடம்பை நம்பும். கட்டுமஸ்தான ஆளுக்கானது. அது வேண்டுமென்றே தன் உடம்பில் ஓர் இடத்தைத் திறந்து காட்டும். எதிராளி ஆசையோடு அங்கே அடிப்பான். அடியை வாங்கிக்கொண்டே அதைவிட முக்கியமான இடத்தில் இது திருப்பி அடிக்கும். கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் தெரியும், வாங்கும் அடிக்கு உடம்பைப் பல வருஷம் பதப்படுத்தாமல் இதைத் தொட முடியாது. விலா எலும்பை இரும்பாக்குகிறேன் என்று மாதக்கணக்கில் உத்தரவாதம் தருகிறவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது தொலைந்த குரங்கு. பழக்கமில்லாத இடத்துக்கு வந்துவிட்ட குரங்கின் நிலை அது. பயந்தாற்போல் இருக்கும், பார்வை எங்கும் நிற்காது, கால் ஓரிடத்தில் ஊன்றாது. இதைச் சரியாகச் செய்யும் ஒருவரின் எதிரில் நின்று பார்த்தால்தான் அதன் வலு புரியும். அவர் தோள் இரண்டையும் காதுவரை தூக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, பாதி திரும்பிக்கொண்டு பின்வாங்குவார். ஒரு கை காதுப் பக்கம் போகும். சொறிகிறார் என்று நினைப்போம், ஆனால் அந்த முழங்கை தலையை முழுக்க மூடியிருக்கும். ஓடப்போகிறார் என்று நாம் ஓர் அடி முன்னே வைப்போம், எடை முன்னங்காலுக்குப் போய்விடும். அந்த நேரத்தில் அவர் இடுப்புவரை தாழ்ந்து நம் முன்னங்கணுக்காலைப் பற்றியிருப்பார். பயத்தைக் காட்டிய ஒவ்வோர் அசைவும் நம்மை அந்த ஓர் அடி எடுத்துவைக்கச் செய்வதற்காகத்தான். நம் மலைக்கோயில் படிக்கட்டுக் குரங்குகளிடம் வாழைப்பழம் பறிகொடுத்தவர்களுக்கு இது புரியும். எதிரே உட்கார்ந்து ஒன்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும், நாம் அதையே பார்த்துக்கொண்டிருப்போம், பை போய்விடும்.

ஐந்தாவது குடிகாரக் குரங்கு. தள்ளாடும், விழும், விழுந்த இடத்திலிருந்தே அடிக்கும். குறி எப்போதும் கண், தொண்டை, கவட்டை. பார்ப்பதற்கு எல்லாவற்றிலும் சுலபமாகத் தெரிவதும் உண்மையில் எல்லாவற்றிலும் கடினமானதும் இதுதான். தள்ளாடும்போதும் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது செய்கிறவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும், பார்க்கிறவருக்குத் தெரியவே கூடாது.

கௌ ஸே தன் வித்தையைக் கொடுத்தது நண்பரின் மகனான கெங் தக் ஹோய்க்கு. அவர் தகப்பனிடமிருந்து பெக் க்வார் என்ற பாணியை ஏற்கெனவே கற்றிருந்தார். மாண்டரினில் பிக்வா. இந்தப் பாணிக்கு வட சீனத்தில் ஹெபெய் மாகாணத்தின் சாங்சோ வட்டாரம் பேர்போனது. இரண்டையும் இணைத்துப் பிறந்ததுதான் தாய் ஷிங் பெக் க்வார். பெக் க்வாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் குரங்கைப் பற்றிப் பேசுவது அரைகுறை. இதில் கை தோளிலிருந்து தளர்ந்து தொங்கும். இடுப்பு திரும்பும்போது கை காதை ஒட்டி மேலேறி, எதிராளியின் கழுத்துச் சரிவில் உள்ளங்கையாக இறங்கும். அது இறங்கி முடிவதற்குள் மறு கை கிளம்பியிருக்கும். குத்தைப் போல் இழுத்துத் திரும்ப வைக்கும் வேலை இல்லை, சுழற்சி நிற்காமல் ஓடும். தூரத்தில் நின்று அடிக்க இது, நெருங்கிச் சுருண்டு புகுந்து பறிக்கக் குரங்கு. ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது.

கெங் தக் ஹோய் பிற்காலத்தில் ஹாங்காங்கில் கற்பித்தார். அவருடைய மாணவர்களில் பெயர் பெற்றவர் சான் சாவ் சுங். ஹாங்காங்கில் அவரைக் குரங்கரசன் என்றே அழைத்தார்கள். அவரிடம் போகிறவர்கள் முதலில் பெக் க்வாரை ஒழுங்காகக் கற்க வேண்டும், குரங்கு அதற்கு அப்புறம்தான். இந்த வரிசை முறை மிகச் சரியானது. நேராக நின்று, இடுப்பிலிருந்து பலத்தை எடுத்து, தாளம் தவறாமல் அடிக்கத் தெரிந்தவன்தான் கோணலாக நின்றும் அடிக்க முடியும். அடிப்படை இல்லாமல் நேரே குரங்காட்டத்துக்குப் போனால் மிஞ்சுவது முகபாவனை மட்டும்.

சான் சாவ் சுங்கின் மாணவர் சென் க்வான் தாய். 1970களின் ஹாங்காங் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த முகம் தெரிந்திருக்கும். சினிமாவுக்கு வருவதற்கு முன்பே, 1969ல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசியச் சீனச் சண்டைக்கலைப் போட்டியில் தன் எடைப் பிரிவில் வென்றவர் அவர். குரங்கு பாணிப் பள்ளியில் படித்தவர் ஆளோடு ஆள் மோதும் களத்தில் ஜெயித்தார் என்று காட்ட நான் எடுத்து நீட்டும் பெயர் இதுதான். படத்தில் வரும் குரங்குச் சண்டைகளை எல்லாம் அந்த மரபின் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1979ல் வந்த மிகப் பிரபலமான குரங்கு குங்ஃபூ படத்தை இயக்கிய லாவ் கார் லியுங், ஹுங் கார் என்ற வேறொரு பாணியின் மரபில் வந்தவர். அபாரமான கலைஞர், ஆனால் அதில் நாம் பார்ப்பது கேமராவுக்காக அமைத்த சண்டை.

அமெரிக்காவுக்கு இந்தக் கலை போன வழி தனிக்கதை. லாஸ் ஏஞ்சலஸில் சோ சாட் லிங் என்ற ஆசானிடம் பாலி ஸிங்க் என்ற அமெரிக்க இளைஞர் சேர்ந்தார். 1970களின் கடைசியிலும் 80களிலும் அமெரிக்கச் செய்முறைப் போட்டிகளில் ஸிங்க் குரங்காக இறங்கினாலே கூட்டம் கூடிவிடும் என்ற அளவுக்குப் பெயர் வாங்கினார். உடம்பு அப்படி வளையும். அந்த வளைவுக்காக அவர் செய்த தாவோ மரபுப் பயிற்சிகளைக் கற்க வந்தவர்களில் பால் கிரில்லி ஒருவர். இன்று உலகம் முழுக்க, சென்னையிலும்கூட, 'யின் யோகா' என்ற பெயரில் நடக்கும் வகுப்புகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. குரங்கு குங்ஃபூவைக் கேள்விப்படாமலேயே அதன் ஒரு கிளையைப் பாயில் படுத்துச் செய்துகொண்டிருக்கிறவர்கள் ஏராளம். ஸிங்க்கின் மாணவர் மைக்கேல் மட்சுடா. அவர் இந்தப் பாணியைக் கற்பித்ததோடு நிற்காமல், தெற்குக் கலிபோர்னியாவில் தற்காப்புக் கலைகளுக்கென்றே ஒரு வரலாற்று அருங்காட்சியகத்தை உருவாக்கினார். ஒரு சிறிய மரபைக் காப்பாற்ற மாணவர்களை வளர்ப்பது போலவே இப்படிப்பட்ட வேலையும் முக்கியம்.

இது ஒரு மரபுதான். சீனப் பெருநிலத்தில் வேறு குரங்குகளும் உண்டு. சிச்சுவானில் ஏமெய் மலை இருக்கிறது, பயணிகளின் கைப்பையைப் பறிக்கும் திபெத்தியக் குரங்குகளுக்குப் பேர்போன மலை. அந்த மாகாணத்திலிருந்து வந்த சியாவ் யிங்பெங் என்பவரையும் குரங்கரசன் என்றுதான் கொண்டாடினார்கள். வுஷூ எனப்படும் சீனச் சண்டைக்கலை விளையாட்டு வட்டாரத்தில் நாம் இன்று பார்க்கும் குரங்குச் செய்முறைக்கு உருவம் கொடுத்தவர்களில் அவருக்கு முக்கியமான இடம் உண்டு. வேறு பாணிகளுக்குள்ளும் குரங்கு புகுந்திருக்கிறது. கும்பிடுபூச்சிப் பாணியை உருவாக்கிய வாங் லாங், கைக்குப் பூச்சியையும் காலுக்குக் குரங்கையும் எடுத்துக்கொண்டார் என்பது அந்த மரபின் கதை. சிங்யி பாணியின் பன்னிரண்டு விலங்குகளிலும் குரங்கு ஒன்று.

போட்டிக் களத்துச் செய்முறைக்கு ஒரு கதையோட்டம் இருக்கிறது. குகையிலிருந்து வெளியே வரும், எட்டிப் பார்க்கும், மரத்தில் பீச் பழத்தைக் காணும், ஏறும், பறிக்கும், ஒளித்துவைக்கும், உட்கார்ந்து தின்னும், குதூகலிக்கும், ஏதோ சத்தம் கேட்டு மிரளும், குகைக்குள் ஓடிவிடும். இதற்குள்தான் எல்லா அடியும் உதையும் குட்டிக்கரணமும் வர வேண்டும். உடம்பு வைக்கும் முறைக்குக் கறாரான விதி உண்டு: கழுத்து உள்ளே, தோள் மேலே, மார்பு குழிந்து, முதுகு வளைந்து, முழங்கை மடங்கி, மணிக்கட்டு தொங்கி, முழங்கால் மடிந்து, நடை முழுக்க நுனிக்காலில். இந்த நிலையில் இரண்டு நிமிடம் மூச்சு வாங்காமல் நகர்ந்து பாருங்கள், தொடை பேசும். ஆசான்கள் ஐந்து விஷயத்தைப் பார்ப்பார்கள்: உருவம் ஒத்திருக்கிறதா, எண்ணம் உண்மையா, நுட்பம் இடைவெளி இல்லாமல் வருகிறதா, காலடி இலேசா, உடம்பு உயிரோடு இருக்கிறதா. உருவம் இந்த ஐந்தில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான யூடியூப் குரங்குகள் அந்த ஒன்றோடு நின்றுவிடுகின்றன.

நாடக மேடைக் குரங்கைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது தனி உலகம், தலைமுறை தலைமுறையாகக் குரங்கு வேடத்துக்கென்றே வாழ்ந்த குடும்பங்கள் அங்கே உண்டு. 1986ல் சீனத் தொலைக்காட்சியில் வந்த தொடரில் குரங்கரசனாக நடித்த ஜாங் ஜின்லாய், ஷாவ்சிங் ஊரின் அப்படிப்பட்ட குடும்பத்தின் நான்காம் தலைமுறை. கிட்டப்பார்வைக்காரரான அவர், குரங்கரசனின் கூரிய பார்வைக்காகப் பந்து ஓடும் திசையையும் ஊதுபத்தியின் கனலையும் பார்த்துக் கண்ணைப் பழக்கினார் என்பார்கள். அந்த உழைப்பு வணங்கத்தக்கது. ஆனால் அது சண்டைப் பயிற்சி இல்லை.

நான்காவதாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், சாமியாடும் குரங்கு. ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் குரங்கரசனுக்குக் கோயில்கள் உண்டு, சாமி வந்து இறங்கும் வழக்கமும் உண்டு. 1900ல் வெளிநாட்டுப் படைகளை எதிர்த்து எழுந்த பாக்ஸர் கிளர்ச்சிக்காரர்கள், சுன் வூகோங் தங்கள் மேல் இறங்கியிருப்பதாகவும் துப்பாக்கிக் குண்டு துளைக்காது என்றும் நம்பிக் களத்தில் நின்றார்கள். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பக்தியைப் பற்றி எனக்கு எந்த விமர்சனமும் இல்லை. ஆனால் பயிற்சியை விட்டுவிட்டு இதைக் காட்டி ஆள் சேர்ப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று சொல்ல இந்த வரலாறு போதும்.

இனி கடைசிக் கேள்வி, அடிதடிக்கு உதவுமா? சாண்டா எனப்படும் சீனக் குத்து-உதைப் போட்டி போன்ற வளையச் சண்டைகளில் யாரும் குந்தி உட்கார்ந்து சொறிந்துகொண்டு நிற்பதில்லை, நிற்கவும் கூடாது. கண்ணைக் குத்துவதும் கவட்டையில் அடிப்பதும் அங்கே தடை, குரங்கின் பாதி ஆயுதம் அதிலேயே போய்விடும். மீதி உதவும். திடீரென்று உயரத்தை மாற்றிக் கீழே புகுவது, கணுக்காலைப் பறிப்பது, தளர்ந்த கையால் சுழற்றி அறைவது, விழுந்தால் உடையாமல் விழுந்து உடனே எழுவது, பயந்ததுபோல் காட்டி எதிராளியை முன்னே இழுப்பது. இவை எல்லாம் எங்கேயும் செல்லும் காசு. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. இவற்றை எதிர்த்து நிற்கும் ஓர் ஆளின் மேல் பழகியிருக்க வேண்டும். கண்ணாடி முன்னால் பழகிய ஏமாற்று கண்ணாடியை மட்டும்தான் ஏமாற்றும்.

ஆசானைத் தேடுகிறவர்கள் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். முதல் நாளில் அவர் உங்களை என்ன செய்யச் சொல்கிறார் என்று பாருங்கள். நின்ற நிலை, நடை, தோளைத் தளர்த்துவது, இடுப்பைத் திருப்புவது, பாயில் விழுந்து பழகுவது என்று தொடங்கினால் நல்ல இடம். முதல் மாதமே குரங்கு முகம் பழகச் சொன்னால் யோசியுங்கள். அவருடைய ஆசான் யார், அவருக்கு ஆசான் யார் என்று கேளுங்கள். நேர்மையானவர்கள் சங்கடப்படாமல் சொல்வார்கள். ஜோடிப் பயிற்சி வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேளுங்கள். ஒரு குறிப்பிட்ட குரங்கு அசைவைக் காட்டி, "இது எதற்கு?" என்று கேளுங்கள். உங்கள் கையைப் பிடித்து அவர் செய்து காட்டினால் ஒரு வகை ஆசான், "அது ரகசியம்" என்றால் இன்னொரு வகை.

இந்தியாவில் இருக்கும் இளைஞர்களுக்கு என் யோசனை எளியது. வுஷூ இங்கே முறையான சங்கத்தோடு நடக்கும் விளையாட்டு, 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டிலிருந்து ஆசியப் போட்டியிலும் இருக்கிறது. அருகில் உள்ள வுஷூ பயிற்சியகத்தில் சாங்சுவான் எனப்படும் நீள்கைப் பாணியையும் கோலையும் இரண்டு மூன்று வருஷம் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள், கூடவே சாண்டாவும். குரங்குக்கு வேண்டிய காலும் முதுகும் அங்கே தயாராகிவிடும். அதற்கு மேல் மரபுக் குரங்கையே கற்க வேண்டும் என்றால், ஹாங்காங், சிச்சுவான், கலிபோர்னியா என்று ஆசானைத் தேடிப் போவது அர்த்தமுள்ள செலவு. 2004ல் ஜெங்சோவில் உலக மரபு வுஷூ போட்டிகள் என்று தொடங்கி, இப்போது உலக குங்ஃபூ போட்டிகள் எனப்படுபவற்றில் விலங்குப் பாணிகளுக்கும் இடம் உண்டு, நல்ல ஆசான்களை ஒரே இடத்தில் பார்க்க அதைவிடச் சௌகரியமான வழி இல்லை.

முப்பதைத் தாண்டியவர்களுக்கு முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை. நுனிக்காலில் குந்தி நடக்கும் நடை முழங்கால் சிரட்டையின் மேல் கடுமையான சுமையை ஏற்றும். முதல் சில மாதம் முழுக்கக் குந்தாமல் பாதி உயரத்தில் நடங்கள், முழங்கால் கால்விரல் போகும் திசையிலேயே மடிகிறதா என்று பாருங்கள், உள்பக்கம் சரிந்தால் உடனே நிறுத்துங்கள். குட்டிக்கரணமும் விழுதலும் சிமெண்ட் தரையில் வேண்டாம், தடித்த பாய் இல்லாத பயிற்சியகம் என்றால் அந்தப் பகுதியை மட்டும் தள்ளிப்போடுங்கள். ஏற்கெனவே மூட்டு வலி இருப்பவர்கள் நெட்டைக் குரங்கையும் பெக் க்வாரையும் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். இரண்டும் நிமிர்ந்து நின்றே செய்பவை, அறுபது வயதிலும் பழகலாம்.